ரோஜாவின் காலடியில் கேட்னிப்: பூனை உலவும் தோட்டத்தில் கற்றுக்கொண்டவை

ரோஜாவையும், பூனைகளை மயக்கும் புதினாக் குடும்பச் செடியான கேட்னிப்பையும் ஒரே பாத்தியில் வைக்கலாமா என்று கேட்பவர்களிடம், தாராளமாக வைக்கலாம், ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி வளர்க்க முடியாது என்றுதான் நான் சொல்வது வழக்கம். ரோஜா நல்ல தீனியும் தாராளமான தண்ணீரும் கேட்கிற செடி. கேட்னிப்போ சற்றுக் காய்ந்த, மெலிந்த மண்ணில் நின்றால்தான் மணம் பிடிக்கும். இவை இரண்டுக்கும் இடையில் மூன்றாவது ஆளாகப் பூனை வந்து மோந்து, மென்று, புரண்டு, சில நாள் அங்கேயே படுத்து உறங்கியும் விடுகிறது. இந்த மூவரையும் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் வைத்துப் பார்த்ததில், மண்ணும் தண்ணீரும் பெரிய சிக்கல்கள் அல்ல என்பதும், ரோஜாவுக்கு நாம் எதைத் தெளிக்கிறோம், எதை வேரில் இடுகிறோம் என்பதே உண்மையான கேள்வி என்பதும் எனக்குத் தெளிவாகியிருக்கிறது. பூனை மெல்லுகிற செடி ரோஜாவுக்குக் கீழே நிற்கும் வரையில், ரோஜாவுக்குப் போகும் மருந்து பூனையின் வாய்க்கும் போகும். அதை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பாத்தியைத் திட்டமிட வேண்டும்.

முதலில் எந்தச் செடியை வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். பூனைகளை மயக்கும் உண்மையான கேட்னிப்பின் தாவரவியல் பெயர் நெப்பெட்டா கட்டாரியா. புதினா, துளசி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டைகள் கையில் தட்டுப்படும். இலை இதய வடிவில், ஓரம் பற்களாக வெட்டுப்பட்டு, மெல்லிய ரோமம் படர்ந்து சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும். பூ வெண்மை, உள்ளே ஊதாப் புள்ளிகள். ஏறத்தாழ 1 மீட்டர் உயரம் வரை எழும்பும். இதே பேரினத்தில் கேட்மின்ட் என்று விற்கப்படும் நெப்பெட்டா ஃபாசெனி என்ற கலப்பினம் வேறு செடி. அது தாழ்வாகப் படர்ந்து, நீல ஊதாப் பூக்களை மாதக்கணக்கில் தருவதால், ரோஜாப் பாத்திகளின் ஓரத்தில் நெடுங்காலமாக நடப்பட்டுவருகிறது. அதில் 'வாக்கர்ஸ் லோ' என்ற ரகம் 2007ஆம் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாக அமெரிக்காவின் பல்லாண்டுத் தாவரச் சங்கத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டது. அழகு மட்டும் போதும் என்பவர்களுக்கு அந்தக் கலப்பினமே மேல் என்பது என் கருத்து. அது விதை பிடிக்காது, ஆகவே கண்ட இடத்தில் முளைத்துத் தொல்லை தராது. ஆனால் பெரும்பாலான பூனைகள் அதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. பூனைக்காக வளர்ப்பவர்கள் பெயர்ச்சீட்டை மட்டும் நம்பாமல், ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்து வாங்குவது நல்லது. புதினாவின் குளிர்ச்சியோடு, சற்றுப் பச்சிலை நெடி கலந்த கூர்மையான வாடை வந்தால் அது கட்டாரியாதான்.

அந்த வாடைக்குக் காரணம் நெப்பெட்டாலாக்டோன் என்ற வேதிப்பொருள். அது இலையின் அடிப்புறத்தில் உள்ள மிக நுண்ணிய சுரப்பிகளில் தேங்கியிருக்கிறது. இலை கசங்கி அச்சுரப்பிகள் உடையும்போதுதான் பெருமளவில் வெளியே வருகிறது. என்னிடம் உள்ள இரண்டு பூனைகளில் மூத்ததற்கு இந்தச் செடியைக் கண்டால் வேறு உலகமே இல்லை. முதலில் மூக்கை இலைக்குள் நுழைத்து அசையாமல் நிற்கும். பிறகு ஓர் இலையைக் கடித்து, நக்கி, தலையைப் படபடவென்று உதறி, கன்னத்தையும் தாடையையும் தண்டில் மாறி மாறித் தேய்க்கும். கடைசியில் அப்படியே பக்கவாட்டில் சரிந்து, முதுகைத் தரையில் தேய்த்துப் புரண்டு, பின்னங்கால்களால் செடியை உதைக்கும். பத்துப் பதினைந்து நிமிடங்களில் எல்லாம் தணிந்து, ஒன்றும் நடவாததுபோல் எழுந்து போய்விடும். அதன் பிறகு அரைமணி நேரத்துக்கு மேல் அதே இலையை முகத்தருகே நீட்டினாலும் திரும்பிப் பார்க்காது. இளைய பூனை அந்தச் செடியைத் தாண்டிப் போகும்போது நடையைக்கூட மாற்றுவதில்லை. இரண்டும் இயல்பானவையே. இந்த ஈர்ப்பு பரம்பரையாக வருவது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பூனைகளிடம்தான் காணப்படுகிறது. சில மாதங்களே ஆன குட்டிகளிடம் பொதுவாக அது இருப்பதில்லை. ஆகவே செடி வாங்கி வைத்த பிறகு பூனை கண்டுகொள்ளவில்லை என்றால் செடியிலும் குறையில்லை, பூனையிலும் குறையில்லை. சில்வர் வைன் கொடி, வலேரியன் வேர், குப்பைமேனி வேர் என்று பூனையை ஈர்க்கும் வேறு தாவரங்களும் இருப்பதால், கேட்னிப்பைப் புறக்கணிக்கும் பூனைக்கு அவற்றில் ஒன்று பிடித்துப்போகவும் கூடும்.

நட்டால் பூனை பறிக்கும், விதைத்தால் பூனை அறியாது என்ற பொருளில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்களிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. அதில் முழு உண்மை இருக்கிறது. நாற்றைப் பிடுங்கி நடும்போது நம் கை பட்டு இலைகள் கசங்குகின்றன, வாடை பரவுகிறது, அன்றைக்கே பூனை வந்து செடியைப் படுக்கையாக்கிவிடுகிறது. அதே இடத்தில் விதையிலிருந்து முளைத்து, யாரும் தொடாமல் வளர்ந்த செடி பல வாரங்கள் அதன் கண்ணில் படாமல் பிழைத்துக்கொள்கிறது. விதையின் தோல் கெட்டியானது. ஓர் இரவு உறைபெட்டியில் வைத்து, மறுநாள் முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டு விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். மேலே மிக மெல்லிய மண்போர்வை போதும். 20 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரங்களில் முளை தெரியும். விதைக்குப் பொறுமை இல்லையென்றால், பூக்காத தண்டின் நுனியிலிருந்து 10 செ.மீ. துண்டை வெட்டி, கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரமணலிலோ தண்ணீரிலோ வைத்தால் எளிதாக வேர் பிடிக்கும். அப்படி வேர்விட்ட செடியை நடும்போதுதான் ரோஜா முதன்முதலாகக் கேட்னிப்புக்கு உதவிக்கு வருகிறது. கவாத்து செய்த ரோஜாக் குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, இளஞ்செடியைச் சுற்றி நெருக்கமாகச் செங்குத்தாக ஊன்றிவிட்டால், எந்தப் பூனையும் அதன்மேல் சரிந்து படுக்காது. நோய் கண்ட குச்சிகளை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. செடி கால் ஊன்றி, அடியிலிருந்து பல தண்டுகள் விட்டபின் அந்த முள்வேலியை ஒரு குச்சிகூட விடாமல் எடுத்துவிட வேண்டும். புரளுகிற பூனையின் கண்ணுக்கும் பாதத்துக்கும் மண்ணில் கிடக்கும் முள் ஆபத்தானது.

கம்பி வலைக் கூண்டை வைத்தும் இதைச் செய்யலாம். வலைக்கு வெளியே நீண்டு வரும் இலைகளைப் பூனை மேயும், அடித்தூர் பத்திரமாக இருக்கும். பார்ப்பதற்கு அழகில்லை என்பதைத் தவிர அந்த ஏற்பாட்டில் குறை ஒன்றுமில்லை.

இனி இடத்தைப் பற்றி. இரண்டுக்கும் வெயில் வேண்டும். ரோஜாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் தேவை, அதிலும் காலை வெயில் கிடைத்தால் இரவுப் பனி இலையில் தங்காமல் சீக்கிரம் காய்ந்துவிடும். மண்ணின் கார அமிலத் தன்மையிலும் இவற்றுக்கிடையே பெரிய பூசல் இல்லை. ரோஜாவுக்கு pH அளவு 6.0 முதல் 7.0 வரை ஏற்றது, கேட்னிப் அதற்குள்ளும் வளரும், சற்றுக் காரமான மண்ணிலும் வளரும். பூசல் தண்ணீரில்தான் தொடங்குகிறது. ரோஜாவுக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. மழைக்கு ஈடான நீர், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர், ஆழமாக இறங்க வேண்டும். வெயில் கடுமையாக இருக்கும் பருவத்தில் இன்னும் கூடுதலாகவே கேட்கும். கேட்னிப்புக்கு அந்த ஈரம் தொடர்ந்து கிடைத்தால் தண்டு நீண்டு தொய்ந்து, இலை பெரிதாகி, மணம் குன்றிவிடும். வடிகால் மோசமான மண்ணாக இருந்தால் வேரே அழுகிப்போகும். ஆகவே ரோஜாவின் அடித்தண்டிலிருந்து 45 முதல் 60 செ.மீ. தள்ளி, பாத்தியின் ஓரத்தில், கையளவு மேடு கட்டி, மணலும் பொடிக்கல்லும் கலந்து அதன்மேல் கேட்னிப்பை நடுவது என் வழக்கம். ரோஜாவைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் எடுத்து, தண்ணீரை அந்தப் பள்ளத்தில் மட்டும் மெதுவாக விட்டால், மேட்டில் நிற்கும் செடிக்கு அடியிலிருந்து ஊறும் ஈரமே போதுமானது. வேர் பிடிக்கும் முதல் சில வாரங்களில் மட்டும் அதற்குத் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

ரோஜாவின் இலையில் தண்ணீர் படாமல் வேரில் மட்டும் ஊற்றுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கரும்புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சையின் வித்துகள் முளைக்க, இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் குழாயைத் திறந்து செடி முழுவதையும் குளிப்பாட்டுகிறவர்கள் அந்த ஏழு மணி நேரத்தைத் தாங்களே ஏற்பாடு செய்து கொடுக்கிறார்கள். இதே காரணத்தால் ரோஜாவின் அடியில் எதையும் நெருக்கமாக நட்டுக் காற்றோட்டத்தை அடைத்துவிடக் கூடாது. கேட்னிப் ஒரு பருவத்திலேயே புதராக விரிந்துவிடும் செடி என்பதால், ரோஜாவின் கீழ்க்கிளைகளைத் தொடும் அளவுக்கு அது சாய்ந்து வரும்போதெல்லாம் நான் கத்தரியை எடுத்துவிடுவேன்.

உரம் கொடுப்பதிலும் இதே ஓரவஞ்சனைதான். மட்கிய தொழு உரமும் மண்புழு உரமும் ரோஜாவின் பள்ளத்துக்குள் மட்டும் போகும். மேட்டுக்கு ஆண்டுக்கொருமுறை ஒரு கைப்பிடி கம்போஸ்ட் போட்டால் அதுவே விருந்து. எலும்புத்தூள், இரத்தத்தூள் போன்றவை ரோஜாவுக்கு நல்ல உரங்கள் என்றாலும், அவற்றின் வாடை பூனையையும் நாயையும் மண்ணைத் தோண்ட வைக்கும், தின்றுவிட்டால் வயிற்றைக் கெடுக்கும். பூனை உள்ள தோட்டத்தில் அவற்றை விட்டுவிடுவதே நல்லது. மூடாக்குக்குக் காய்ந்த இலை, வைக்கோல், மரப்பட்டை எதுவும் ஆகும். கோகோ ஓட்டுத் தூள் மட்டும் கூடாது. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் அதிலும் இருக்கிறது, அது நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு.

கேட்னிப்பை நட்டால் ரோஜாவுக்கு, தளிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வராது என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். என் பாத்தியில் ஒவ்வோர் ஆண்டும் இளந்தளிர் விடும் பருவத்தில் அசுவினி தவறாமல் வருகிறது, கேட்னிப் அருகில் நிற்பதைப் பார்த்து அது திரும்பிப் போனதாகத் தெரியவில்லை. இதன் வேதியியலை அறிந்தால் வியப்பு நீங்கிவிடும். அசுவினிகளில் பல இனங்கள் இணைசேர்க்கைக்காக வெளியிடும் வாசனைப் பொருள்களில் ஒன்றே நெப்பெட்டாலாக்டோன்தான். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் 1980களில் இதைக் கண்டறிந்தார்கள், அதற்கான மூலப்பொருளைக் கேட்னிப்பிலிருந்தே எடுக்க முடிந்தது. அசுவினியின் உடலுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளும், அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சிகளும் இந்த வாசனையைப் பின்பற்றியே தம் இரையைத் தேடி வருகின்றன. ஆக, இந்தச் செடியைக் காவல்காரனாக எண்ணாமல் ஒரு விருந்தினர் விடுதியாக எண்ணிக்கொள்வது பொருந்தும். அதன் சிறு பூக்களில் தேன் குடிக்கத் தேனீக்களும், தேனீயைப் போலவே கோடு போட்ட மிதக்கும் ஈக்களும் ஓயாமல் வருகின்றன. அந்த ஈக்கள் தேன் குடித்துவிட்டு ரோஜாவின் மொட்டுக் காம்பில், அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் வெண்ணிறத்தில் அரிசிக் குறுணை போன்ற ஒற்றை முட்டையை வைத்துப் போகும். சில நாள்களில் அதிலிருந்து வரும் காலற்ற, பசுமை கலந்த சிறு புழு, கண் தெரியாமலே தலையை இருபுறமும் வீசித் துழாவி, அகப்பட்ட அசுவினியைத் தூக்கிப் பிடித்து உறிஞ்சி, வெறும் தோலை விட்டெறியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. அந்தப் புழு கண்ணில் பட்ட மொட்டை நான் தொடுவதில்லை. புழு இல்லாத மொட்டுகளில் மட்டும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அசுவினியை உதிர்த்துவிடுவேன். இந்த வேலை காலையில் நடந்தால் இலை சீக்கிரம் காய்ந்துவிடும்.

கொசுவைப் பற்றிய பேச்சும் இதுபோலத்தான், ஆனால் அதில் உண்மை கூடுதலாக இருக்கிறது. 2001இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆய்வகச் சோதனையில் நெப்பெட்டாலாக்டோன் டீட் என்ற வழக்கமான கொசுவிரட்டியைவிட ஏறத்தாழ பத்து மடங்கு திறனோடு கொசுவை விலக்கியதாக அறிவித்தார்கள். 2021இல் ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகக் குழுவினர், சில்வர் வைன் இலையில் உள்ள இதன் நெருங்கிய உறவுப்பொருளைப் பூனைகள் முகத்திலும் தலையிலும் தேய்த்துக்கொள்வதால் அவற்றின்மேல் கொசு உட்காருவது குறைகிறது என்று காட்டினார்கள். பூனை இலையைக் கடித்துச் சிதைக்கும்போது அந்த வாசனை பல மடங்கு பெருகுகிறது என்பது அதே குழுவினர் அடுத்த ஆண்டு வெளியிட்ட முடிவு. மூத்த பூனையின் கடியும் உதையும் எதற்கு என்பது அதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆனால் கசக்காமல் நிற்கும் செடி காற்றில் விடும் வாசனை மிகக் குறைவு, கசக்கினாலும் விரைவில் ஆவியாகிவிடும். தோட்டத்தில் நாலு செடி வைத்துவிட்டுக் கொசுவலையைக் கழற்றிவிட முடியாது.

இப்போது மருந்துக்கு வருகிறேன். ரோஜா வளர்ப்பவர்கள் கை நீட்டி எடுக்கும் பூச்சிக்கொல்லிகளில் பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு. நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவே பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் கொடுத்து உயிரைப் பறிக்கக்கூடும், ஏனென்றால் அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தெளித்த மருந்து இலையில் ஈரமாக இருக்கும்போது பூனை உரசிப் போனால் மயிரில் ஒட்டும், பிறகு அது தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது வயிற்றுக்குள் போகும். தின்னாத பொருளையும் பூனை இப்படித் தின்றுவிடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வேரில் இட்டால் செடி முழுவதும் பரவும் ஊடுருவு மருந்துகள் இதைவிடச் சிக்கலானவை. இமிடாகுளோப்ரிட் போன்றவற்றை ரோஜாவின் அடியில் ஊற்றினால், பக்கத்தில் வேர் நீட்டியிருக்கும் கேட்னிப்பும் அதை உறிஞ்சும். இலையைக் கழுவினாலும் அது போகாது, பூவில் தேன் குடிக்கும் தேனீக்கும் அது போய்ச் சேரும். நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணையும் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சுதான். இயற்கையானது என்ற சொல்லை மட்டும் நம்பி எந்த எண்ணெயையும் கலந்து தெளிப்பதும் சரியல்ல. டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு ஆகவே ஆகாது. வேப்ப எண்ணெய் அந்த அளவுக்குத் தீங்கானதல்ல என்றாலும், நக்கினால் எச்சில் வடிதலும் வாந்தியும் வரலாம்.

இந்தப் பட்டியலைப் பார்த்து ரோஜாவையே கைவிட வேண்டியதில்லை. மருந்து குறைவாகக் கேட்கும் ரோஜாவைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலையை முடித்துவிடும். கண்காட்சிக்குரிய பெரிய ஒற்றைப் பூத் தரும் ஹைபிரிட் டீ ரகங்களில் பல கரும்புள்ளிக்கு எளிதில் இரையாகின்றன. நோய் தாங்கும் புதர் ரோஜாக்களும், கொத்தாகப் பூக்கும் ரகங்களில் கெட்டியான பளபளப்பான இலை உள்ளவையும் பெரும்பாலும் தாமாகவே தாக்குப்பிடிக்கும். கரும்புள்ளி விழுந்த இலையைக் கீழே உதிர விடாமல் பறித்து, உதிர்ந்ததையும் பொறுக்கி, கம்போஸ்ட் குழியில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். சாம்பல் நோய் வேறு குணம் கொண்டது. அதற்கு இலை நனைய வேண்டியதில்லை, ஈரக்காற்றுள்ள இரவும் வறண்ட பகலும் போதும். நெருங்கிய கிளைகளை எடுத்துக் காற்றை உள்ளே விடுவதுதான் அதற்கு முதல் மருத்துவம். வெயிலும் வறட்சியும் சேர்ந்த நாள்களில் இலையின் அடியில் செம்பேன் வலை பின்னும், இலை மேற்புறம் பொடிப்பொடியாக வெளிறும். தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பீய்ச்சினால் அது பெரிதும் அடங்கும். அதற்கும் மேலே போனால், செடிகளுக்கென்றே விற்கப்படும் பொட்டாசியம் சோப்புக் கரைசலை அந்தி நேரத்தில், பூனையை வீட்டுக்குள் வைத்துவிட்டு, கேட்னிப்பின் மேல் பழைய துணியைப் போர்த்தி, பூச்சியின்மேல் நேராகப் படும்படி அடிப்பேன். காய்ந்தபின் அதற்கு வேலை செய்யும் திறன் இல்லை, ஆகவே பொறிவண்டு முதலியவற்றுக்கும் பெரிய கேடில்லை.

கவாத்தைப் பொறுத்தவரை, வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே, நீர் வழியும்படி சாய்வாக வெட்டுவது என்ற பழைய விதியே போதும். வாடிய பூவை நீக்கும்போது வெறும் காம்பைக் கிள்ளாமல், கீழே ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் நல்ல இலைவரை இறங்கி அதற்கு மேலே வெட்டினால் அடுத்த கிளை தடிமனாக வரும். ஒட்டுச்செடியாக இருந்தால் ஒட்டுக்குக் கீழேயிருந்து வேறு நிற இலையோடு, வேறு வகை முள்ளோடு வேகமாக எழும் காட்டுத் தளிரைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை மண்மட்டத்தில் வெட்டினால் மீண்டும் பலவாகக் கிளைக்கும், மண்ணை விலக்கி அது வேரில் கிளம்பும் இடத்திலேயே பிய்த்து எடுக்க வேண்டும். புதராக நிற்கும் கேட்னிப் இந்தத் தளிரை மறைத்துவிடும் என்பதால், ரோஜாவின் அடி எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருப்பது அவசியம்.

கேட்னிப்புக்கும் கவாத்து உண்டு. முதல் பூப்பு முடிந்து விதை முற்றுவதற்குள் செடியை மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து புதிய இலை கொத்தாக எழும்பி மறுபடி பூக்கும். விதை கொட்ட விட்டால், அடுத்த பருவத்தில் நடைபாதை இடுக்கிலும் தொட்டிகளிலும் அது முளைத்து நிற்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடங்களில் பிற்பகல் நிழல் கொடுத்தால் செடி சோராது. உறைபனி விழும் இடங்களில் மேலே கருகினாலும் வேர் உயிரோடிருந்து மீண்டும் துளிர்க்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் நடுப்பகுதி கட்டையாகிவிட்டால் தூரைப் பெயர்த்து, ஓரத்துண்டுகளை மட்டும் பிரித்து நடலாம்.

பூனை வரும் பாத்தியில் வேலை செய்யும்போது கெட்டியான கையுறை கட்டாயம். இளகிய மண்ணைப் பூனை கழிப்பிடமாகவும் பயன்படுத்தும். அதன் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும். கருவுற்ற பெண்கள் இந்தப் பாத்தியில் வெறுங்கையால் மண்ணைத் தொடாமலிருப்பதே பாதுகாப்பு. ரோஜா முள் குத்தும் இடத்தில் ஸ்போரோட்ரிக்ஸ் என்ற பூஞ்சை நுழைந்து, ஆறாத சிறு கட்டிகளை வரிசையாக எழுப்புவதும் உண்டு. முள் குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வாரங்கள் கடந்தும் ஆறாவிட்டால் ரோஜா முள் குத்தியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெற்றுமண் தெரியாமல் கரடுமுரடான மரப்பட்டையை மூடாக்காகப் பரப்பி, தோட்டத்தின் வேறொரு மூலையில் பூனைக்கென்று மணல் கொட்டி வைத்தால் பாத்தி பெரும்பாலும் தப்பிவிடும்.

இடம் குறைவென்றால் இரண்டையும் தனித்தனித் தொட்டிகளில் வைப்பதே எளிது. தண்ணீர்ச் சண்டை அங்கே தானாகவே தீர்ந்துவிடும். ரோஜாவுக்கு 40 செ.மீ. ஆழமுள்ள தொட்டி வேண்டும், கேட்னிப்புக்கு அதில் பாதி போதும். கேட்னிப் தொட்டி கனமாக இருக்கட்டும், பூனை முழு எடையோடு அதன்மேல் சாயும்.

உலர்த்தி வைப்பதற்கு, பூ விரியத் தொடங்கும் பருவத்தில், காலைப் பனி காய்ந்தபின் தண்டோடு வெட்டி, சிறு கட்டுகளாகத் தலைகீழாக, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில், பூனை எட்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும். இலை விரலில் நொறுங்கும் பதம் வந்ததும் தண்டை நீக்கி, தூளாக்காமல் முழு இலையாகவே காற்றுப் புகாத கண்ணாடிச் சீசாவில் அடைத்து இருட்டில் வைத்தால் பல மாதங்கள் மணம் நிற்கும். கொடுக்கும்போது ஒரு சிட்டிகையைக் கசக்கித் தூவினால் போதும். வாரத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் கொடுத்தால் பூனைக்கு அதில் ஆர்வம் மங்கிவிடும். பச்சை இலையை அளவுக்கு மீறித் தின்ற பூனை வாந்தி எடுக்கலாம் அல்லது அதற்கு வயிறு இளகலாம். பொதுவாக அது தானாகச் சரியாகிவிடும், அன்றைக்குச் செடியின் மேல் கூண்டைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, நடுக்கம் கண்டாலோ அது கேட்னிப்பின் வேலையாக இருக்காது, பக்கத்தில் யாராவது எதையாவது தெளித்தார்களா என்று விசாரித்துக்கொண்டே பூனையைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.